சந்தை ஆய்வில் தரவு திரட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தை ஆய்வு என்றதும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஆன்லைன் ஃபார்ம் ஒன்றைத் திறந்து கேள்வி எழுத ஆரம்பிப்பதுதான். எந்த முறை என்பது யாரும் யோசிக்காமலேயே அங்கே முடிவாகிவிடுகிறது. நானூறு பதில்கள் வந்து சேர்ந்த பிறகுதான், தெரிய வேண்டியிருந்த விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதே இல்லை என்பது புரிகிறது.

முறையைத் தேர்ந்தெடுப்பது இந்த வழிகாட்டியில் ஐந்தாவது படி. முதல் நான்கு படிகளைச் சரியாகச் செய்தால் ஐந்தாவதில் குழப்பம் அநேகமாக இருக்காது. அவற்றைத் தாண்டிக் குதித்தால், எவ்வளவு நல்ல கேள்வித்தாளும் காப்பாற்றாது.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: மாதச் சந்தா வாங்கும் ஒரு மொபைல் செயலி. சேருபவர்கள் சேருகிறார்கள், ஆனால் மூன்றாவது மாதத்தில் புதுப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

1. எடுக்கப்போகும் முடிவை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்பது முடிவு அல்ல. "விலையைக் குறைப்பதா, புது வசதிகளைச் சேர்ப்பதா, முதல் வாரப் பயன்பாட்டை எளிதாக்குவதா, இந்த மூன்றில் அடுத்த காலாண்டில் எதற்குப் பணம் ஒதுக்குவது" என்று எழுதினால் அது முடிவு. யார் எடுக்கப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் எடுக்க வேண்டிய முடிவுக்கு ஆறு வாரம் பிடிக்கும் முறை உதவாது.

அடுத்து, இன்னும் ஒரு தரவுகூட வராத நிலையிலேயே வெற்று அட்டவணை ஒன்றைப் போடுங்கள். இடப்பக்கம் "இப்படிப் பதில் வந்தால்", வலப்பக்கம் "இதைச் செய்வோம்". எந்தப் பதில் வந்தாலும் வலப்பக்கத்தில் ஒரே செயல்தான் வருகிறது என்றால் அந்த ஆய்வு தேவையில்லை. இதை முதலிலேயே கண்டுபிடிப்பது நல்லது, ஏனென்றால் களத்துக்குப் போன பிறகு செலவைத் திரும்பப் பெற முடியாது.

இந்த அட்டவணையை ஆய்வு கேட்டவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். "இதுவும் தெரிந்தால் நன்றாக இருக்குமே" என்று பிற்பாடு சேரும் கேள்விகளைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அட்டவணையில் இடமில்லாத கேள்விக்குக் கேள்வித்தாளிலும் இடமில்லை என்று சொல்லிவிடலாம்.

2. தேவைப்படும் தகவலை வகை பிரியுங்கள்

முடிவுக்குத் தேவையான தகவல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றும் கீழ்க்கண்ட நான்கில் எந்த வகை என்று குறியுங்கள்.

என்ன நடக்கிறது: எந்த நாளில், எந்தத் திரைக்குப் பிறகு பயன்பாடு நிற்கிறது?
ஏன் நடக்கிறது: நின்றுபோனவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள்?
எத்தனை பேர்: இந்தக் காரணம் எத்தனை சதவீதம் பேருக்குப் பொருந்தும்?
மாற்றினால் என்ன ஆகும்: விலையைக் குறைத்தால் புதுப்பிப்பு உயருமா?

பதிவேடுகளும் நேரடி நோக்கலும் முதல் வகைக்கு விடை தரும். நேர்காணல் இரண்டாவதற்கு. சர்வே மூன்றாவதற்கு. நான்காவதற்கு உறுதியான விடை தருவது பரிசோதனை. அடிக்கடி நடக்கும் தவறு, நான்கையும் ஒரே சர்வேயில் அடைப்பது. "ஏன்" என்பதற்கு எட்டு டிக் பெட்டிகள் கொடுத்தால், நீங்கள் ஏற்கெனவே யோசித்து வைத்த எட்டுக் காரணங்கள்தான் திரும்பி வரும். "விலை குறைந்தால் வாங்குவீர்களா" என்று கேட்டால் கிடைப்பது அந்த நிமிடத்து எண்ணம். வாங்கும் நேரத்தில் அது மாறிவிடும்.

அளந்தது சரி, அளக்க வேண்டியது வேறு என்ற நிலை பெரிய நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது. 1985-இல் கோகோ கோலா தன் புதிய சுவையை வெளியிடும் முன் ஏறத்தாழ இரண்டு லட்சம் சுவைச் சோதனைகள் நடத்தியது. எந்த மிடறு பிடித்திருக்கிறது என்பதை அந்தச் சோதனைகள் நன்றாகவே அளந்தன. பழையதையே எடுத்துவிட்டால் மக்கள் என்ன உணர்வார்கள் என்பது வேறு தகவல், அதற்கு வேறு முறை வேண்டும். மூன்று மாதத்துக்குள் பழைய பானம் கடைகளுக்குத் திரும்பியது.

3. கையில் இருப்பதை முதலில் தேடுங்கள்

புதிதாக ஒருவரிடம் கேட்கும் முன், ஏற்கெனவே திரட்டப்பட்டதைப் பாருங்கள். விற்பனைப் பதிவு, ரத்துக் காரணங்கள், வாடிக்கையாளர் சேவைக்கு வந்த புகார்கள், செயலிக்குள் தேடப்பட்ட சொற்கள், விமர்சனங்கள், பழைய ஆய்வறிக்கைகள். வெளியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரசுப் புள்ளிவிவரங்கள், தொழில் சங்க அறிக்கைகள். இதற்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்கினால் தகவல் பட்டியலில் கணிசமான பகுதி அடிபட்டுவிடும்.

ஒவ்வொன்றையும் பயன்படுத்தும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: எப்போது திரட்டியது, யார் எதற்காகத் திரட்டியது, அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள், அவர்களுடைய வரையறையும் உங்களுடையதும் ஒன்றா. கடைசியில்தான் அதிகம் வழுக்குவார்கள். ஒரு அறிக்கையில் "செயலில் உள்ள பயனர்" என்றால் மாதத்தில் ஒருமுறை திறந்தவர், இன்னொன்றில் வாரம் மூன்று முறை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத ஒரு சரிவு தெரியும்.

புகார்ப் பதிவைத் தனியாக எச்சரிக்கையுடன் படியுங்கள். புகார் செய்பவர்கள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து இருப்பவர்கள். சத்தமில்லாமல் போனவர்கள் அந்தப் பதிவில் இருக்கமாட்டார்கள், நம் உதாரணத்தில் நமக்கு வேண்டியதோ அவர்கள்தான்.

4. மூன்று சோதனைகள்: தெரியுமா, நினைவிருக்கிறதா, சொல்வாரா

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள ஒவ்வொரு தகவலையும் வைத்து, பதில் சொல்லப்போகும் மனிதரை மனத்தில் நிறுத்தி இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

அவருக்கு அது தெரியுமா? பழக்கத்தால் செய்வதற்கான காரணம் செய்பவருக்கே தெரியாது. அலமாரியில் கண் முதலில் எங்கே போனது, பொத்தானின் நிறம் மாறியதால் அழுத்தினாரா என்றெல்லாம் கேட்டால், மறுக்காமல் ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணம் அப்போது உருவானது. தெரியாததைக் கேட்காதீர்கள், கவனியுங்கள் அல்லது பரிசோதனை செய்யுங்கள்.

அவருக்கு நினைவிருக்கிறதா? அடிக்கடி செய்யும் சிறிய செயல்கள் சீக்கிரம் மறந்துபோகும். தினமும் செய்வதைப் பற்றி "கடந்த மாதம் எத்தனை முறை" என்றால் அவர் எண்ணமாட்டார், வழக்கத்தை வைத்து ஊகிப்பார். "நேற்று", "கடைசி ஏழு நாளில்" என்று சுருக்குங்கள். பெரிய, அரிய கொள்முதல்களுக்கு ஓராண்டு வரை கேட்கலாம். ஆனால் அங்கே வேறொரு பிழை வரும்: பதினைந்து மாதத்துக்கு முன் வாங்கியதைக் கடந்த ஓராண்டுக்குள் வாங்கியதாகச் சொல்வார்கள், அதனால் எண்ணிக்கை உயர்ந்து தெரியும். பண்டிகை, பிறந்தநாள், வேலை மாறியது போன்ற ஓர் அடையாள நாளை வைத்து "அதற்குப் பிறகு" என்று கேட்டால் இந்தப் பிழை குறையும். நினைவே நம்பத்தகாதது என்றால் செய்வதை அன்றன்றே அவரையே குறித்துவைக்கச் சொல்லும் நாட்குறிப்பு முறைக்கு, ஏழு முதல் பதினான்கு நாள், போங்கள்.

அவர் சொல்வாரா? வருமானம், கடன், உடல்நலம், குழந்தைக்கு எவ்வளவு நேரம் போன் கொடுக்கிறார்கள், புத்தகம் படிக்கிறார்களா போன்றவற்றில் எதிரில் மனிதர் இருந்தாலே பதில் நல்லபிள்ளைத்தனமாக மாறும். இதற்குத் தானே நிரப்பும் படிவம் நல்லது. நேரில் நடக்கும் ஆய்விலும்கூட அந்தப் பகுதிக்கு மட்டும் டேப்லெட்டைப் பதில் சொல்பவர் கையில் கொடுத்துவிடலாம். திரை அவர் பக்கம் திரும்பியிருப்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

நம் செயலிக்கு வருவோம். எந்த நாளில் பயன்பாடு நின்றது? பயனருக்கு நினைவிருக்காது, சர்வர் பதிவில் இருக்கிறது. ஏன் நின்றது? ஓரளவு தெரியும், ஆனால் "நேரமில்லை" என்ற சுலபமான பதிலைத் தாண்டிப் போக உரையாடல் வேண்டும். விலை குறைந்தால் திரும்புவாரா? அவருக்கே தெரியாது. ஆகவே மூன்று தகவலுக்கும் மூன்று வெவ்வேறு வழிகள்.

5. இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஆழ்நேர்காணல். தனித்தனியாக, 45 முதல் 60 நிமிடம். காரணம், எதிர்பார்ப்பு, முடிவெடுத்த வரிசை ஆகியவற்றுக்கு. ஒரே மாதிரியான ஒரு குழுவுக்கு 10 முதல் 12 பேர் போதும் என்று தொடங்கலாம். 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தங்கள் 60 நேர்காணல்களைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வெளிப்பட்டிருந்ததைக் கண்டார்கள். இது ஒத்த குழுவுக்குத்தான் பொருந்தும். முதல் மாதத்தில் விட்டவர்களும் ஓராண்டுக்குப் பின் விட்டவர்களும் இரண்டு குழு. கடைசி இரண்டு மூன்று நேர்காணலில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் சொன்னார்கள் என்பதை "58 சதவீதம்" என்று எழுதாதீர்கள். அந்த எண்ணிக்கைக்கு அவ்வளவு சுமை தாங்காது.

குழு விவாதம். 6 முதல் 8 பேர், ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது இரண்டு குழு. மக்கள் பயன்படுத்தும் சொற்களையும், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் எதிர்வினை ஆற்றுவதையும் பார்க்க ஏற்றது. மலிவாகப் பத்துப் பேரிடம் கேட்கும் வழி என்று நினைத்துப் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான்: ஒன்றரை மணியை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்து நிமிடமே மிஞ்சும், அதிலும் குரல் ஓங்கியவர் இருவர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தன் பதிலை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு பேசவைத்தால் இந்தக் குறை ஓரளவு நீங்கும். மேலதிகாரியும் கீழே வேலை செய்பவரும் ஒரே குழுவில் வேண்டாம்.

நோக்கல். மக்கள் சொல்வதும் செய்வதும் விலகும் இடங்களில் இதற்கு மாற்றில்லை. கடைக்குள் நடமாட்டம், பொருளைப் பிரித்துப் பயன்படுத்தும் விதம், செயலியில் தடுமாறும் திரை. போகும் முன்பே எதை எண்ணப்போகிறீர்கள் என்று ஒரு தாள் தயார் செய்யுங்கள்: அணுகினார், கையில் எடுத்தார், திருப்பிப் படித்தார், திரும்ப வைத்தார், கூடையில் போட்டார். இரண்டு பேர் தனித்தனியே ஒரே காட்சியைக் குறித்து, பிறகு ஒப்பிடுங்கள். இருவர் குறிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் வரையறை தெளிவாக இல்லை. நோக்கல் "என்ன" என்று காட்டும், "ஏன்" என்று சொல்லாது. அதனால் முடிந்த உடனே ஐந்து நிமிடம் பேசுவதற்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வே. காரணங்களின் பட்டியல் ஏற்கெனவே தெரிந்திருந்து, ஒவ்வொன்றும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பது மட்டும் தெரியாதபோது. இந்த நிபந்தனையை மறக்காதீர்கள். பட்டியல் தெரியாமல் சர்வே நடத்தினால் "மற்றவை" என்ற கட்டம்தான் நிரம்பும்.

பரிசோதனை. மாற்றத்தின் விளைவு தெரிய வேண்டும் என்றால். இதற்குத் தனிப் பகுதி எட்டில் இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வுகளுக்கு இவற்றில் இரண்டையாவது சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது வரிசை முக்கியம். பதிவேடு, பிறகு நேர்காணல், பிறகு சர்வே, கடைசியில் பரிசோதனை என்பது வழக்கமான ஓட்டம். நேர்காணலில் கேட்ட சொற்களே சர்வேயின் விடைகளாக மாற வேண்டும். சில சமயம் தலைகீழாகவும் போகலாம்: சர்வேயில் எதிர்பாராத எண் ஒன்று வந்தால், அப்படிப் பதில் சொன்னவர்களிலேயே எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்காகவே சர்வே முடிவில் "மீண்டும் தொடர்புகொள்ளலாமா" என்ற ஒரு கேள்வியை வைத்திருப்பது நல்லது.

6. சர்வே என்றால், எந்த வழியில்?

நேரில் நடத்தினால் அரை மணி வரை தாங்கும், படமும் பொருளும் காட்டலாம், எழுதப் படிக்கத் தெரியாதவரையும் சேர்க்கலாம். செலவு அதிகம், நேர்காணுபவரின் குரலும் முகபாவமும் பதிலைப் பாதிக்கும். போனில் 10 முதல் 15 நிமிடம்தான். நீண்ட விடைப்பட்டியலை வாசித்தால் கடைசியில் கேட்டதையே தேர்ந்தெடுப்பார்கள், அதனால் ஐந்து விடைக்கு மேல் வேண்டாம். ஆன்லைனில் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள், மொபைல் திரையில் சோதித்துப் பாருங்கள். பெரிய கட்ட அட்டவணைக் கேள்விகள் சிறு திரையில் உடைந்துபோகும். இங்கே பட்டியலின் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வரும், ஆகவே விடைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டுங்கள்.

எந்த வழி மலிவு என்பது இரண்டாவது கேள்வி. உங்களுக்கு வேண்டிய மக்கள் அந்த வழியில் கிடைப்பார்களா என்பதுதான் முதலாவது. செயலியை நீக்கிவிட்டவர்களிடம் செயலிக்குள் சர்வே காட்டிப் பயனில்லை.

இரண்டு வழிகளைக் கலந்தால், ஒவ்வொரு பதிலும் எந்த வழியில் வந்தது என்று தனி நெடுவரிசையில் பதியுங்கள். போனில் சொல்லும் திருப்தி மதிப்பெண் ஆன்லைனில் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் சற்று உயர்வாக இருக்கும். இந்த ஆண்டு போன், அடுத்த ஆண்டு ஆன்லைன் என்று மாற்றிவிட்டு "திருப்தி சரிந்தது" என்று அறிக்கை எழுதினால், அளவுகோலை மாற்றிவிட்டு நீளத்தைக் குறை சொல்வதாகும்.

7. யாரிடம், எத்தனை பேரிடம்?

முதலில் யார், பிறகு எத்தனை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வைத்து லேண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பெயர்கள் தொலைபேசிப் புத்தகம், கார் பதிவு போன்ற பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை, திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். பட்டியல் கோணலாக இருந்தால் எண்ணிக்கை அதை நிமிர்த்தாது.

ஆகவே பெயர்ப்பட்டியல் எங்கிருந்து வருகிறது, அதில் யார் இல்லை என்று எழுதிவைத்த பிறகே கணக்குக்கு வாருங்கள். பிழை வரம்பு என்பது, கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது. 95 சதவீத நம்பக மட்டம் என்றால், இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை விலகல் அந்த வரம்புக்குள் இருக்கும். அந்த மட்டத்தில், எளிய சீரற்ற மாதிரிக்கு, அதாவது எல்லோருக்கும் சம வாய்ப்புத் தந்து குலுக்கலில் எடுத்த மாதிரிக்கு:

±10 சதவீதப் பிழை வரம்புக்கு 97 பேர்
±5 சதவீதத்துக்கு 385 பேர்
±3 சதவீதத்துக்கு 1,068 பேர்

பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும், அதனால் ±5-க்குக் கீழே இறங்கும் முன் அந்தத் துல்லியம் முடிவை மாற்றுமா என்று பாருங்கள். மொத்த வாடிக்கையாளர்களே 1,000 பேர் என்றால் ±5-க்கு 278 போதும். மொத்தம் ஒரு லட்சமா ஒரு கோடியா என்பது இந்த எண்ணை அநேகமாக மாற்றாது. இதை நம்ப மறுத்து "மொத்தத்தில் பத்து சதவீதம் எடுப்போம்" என்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

புதியவர்கள் தவறவிடும் இடம் உட்பிரிவுகள். 385 பேரை நான்கு வயதுப் பிரிவாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் குறைவு. பிழை வரம்பு ±10 அளவுக்குப் போய்விடும். பிரிவுகளை ஒப்பிடுவது முடிவுக்குத் தேவை என்றால், ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கணக்கிட்டு மேலே கூட்டுங்கள்.

அடுத்தது தொடர்புக் கணக்கு. 400 முழுப் பதில் வேண்டும். பட்டியலில் ஐவரில் ஒருவர்தான் தகுதியுள்ளவர், தொடர்பு கொள்வோரில் பத்தில் ஒருவர்தான் பதில் சொல்வார் என்றால், 400-ஐ 0.2-ஆலும் 0.1-ஆலும் வகுக்க வேண்டும்: 20,000 பேரைத் தொட வேண்டும். பட்டியலில் 6,000 பெயரே இருந்தால் முறை இப்போதே மாற வேண்டும், களத்தின் மூன்றாம் வாரத்தில் அல்ல.

தெரிந்தவர்களுக்கு லிங்க் அனுப்பித் திரட்டிய மாதிரிக்குப் பிழை வரம்பு எழுதாதீர்கள். கோட்டா வைத்து, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர் என்று முன்பே குறித்து, வயதும் பாலினமும் சரிசெய்தாலும் அது சீரற்ற மாதிரி ஆகிவிடாது. பயன்படுத்தலாம், ஆனால் எப்படித் திரட்டியது என்பதை அறிக்கையில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

8. பரிசோதனை என்றால் முன்பே முடிவுசெய்ய வேண்டியவை

ஏ/பி சோதனையில் ஆட்களைச் சீரற்று இரு பக்கம் பிரித்து, ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, முடிவை ஒப்பிடுகிறோம். தொடங்கும் முன் மூன்றை எழுதிவையுங்கள்: எந்த அளவை வைத்துத் தீர்ப்பு, எவ்வளவு சிறிய வித்தியாசம் தெரிய வேண்டும், எத்தனை பேர் வந்ததும் நிறுத்துவோம்.

எண்ணிக்கைக்கு ஒரு குத்துமதிப்பான சூத்திரம்: சராசரி விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்ததால் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்கவும். புதுப்பிப்பு 4 சதவீதத்திலிருந்து 5 ஆகிறதா என்று பார்க்க, 16 × 0.045 × 0.955 ÷ 0.0001, பக்கத்துக்கு ஏறத்தாழ 6,900 பேர். மாதம் 800 பேரே வரும் செயலி இந்தச் சோதனையை நடத்த முடியாது. அப்படியானால் பெரிய மாற்றத்தைச் சோதியுங்கள், அல்லது இன்னும் முன்னால் நிகழும் ஓர் அளவை, உதாரணமாக முதல் வாரத்தில் மூன்று நாள் திறந்தாரா என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எட்டிப்பார்த்து வித்தியாசம் தெரிந்த நாளில் நிறுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பார்க்கும் ஒவ்வொரு முறையும் தற்செயலை வெற்றி என்று எண்ணும் வாய்ப்பு கூடுகிறது. வார நாளும் விடுமுறை நாளும் வேறுபடும் என்பதால் முழு வாரங்களாக ஓடவிடுங்கள்.

விலைக்குத் தனியாக ஒரு சொல். "எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று நேராகக் கேட்டால் பேரம்தான் வரும். நேரடிப் பரிசோதனைக்கு வழியில்லாதபோது, 1976-இல் டச்சுப் பொருளாதார அறிஞர் வான் வெஸ்டன்டார்ப் வகுத்த நான்கு கேள்விகள் ஒரு வரம்பைக் காட்டும்: எந்த விலையில் தரத்தைச் சந்தேகிப்பீர்கள், எதில் நல்ல பேரம், எதில் அதிகம் ஆனாலும் யோசிப்பீர்கள், எதில் வாங்கவே மாட்டீர்கள். பொருளை நன்கு அறிந்தவர்களிடம் மட்டும் கேளுங்கள். புத்தம் புதிய பொருளுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லாததால் விடைகள் அலையும்.

9. கேள்வித்தாளைக் களத்துக்கு முன் உடைத்துப் பாருங்கள்

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "எங்கள் செயலியின் வேகமும் எளிமையும் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது?" இதில் இரண்டு பொருள் இருக்கிறது, வேகம் பிடித்து, எளிமை பிடிக்காதவர் எங்கே டிக் செய்வார்? "பிடித்திருக்கிறது" என்ற சொல் பதிலை ஒரு பக்கம் தள்ளுகிறது. எப்போதைய அனுபவம் என்றும் இல்லை. திருத்தம்: "கடைசி ஏழு நாளில் செயலியைத் திறந்தபோது, அது தயாராக எடுத்த நேரம் எப்படி இருந்தது?" விடைகள்: மிக வேகம், வேகம், இரண்டும் இல்லை, மெதுவு, மிக மெதுவு, கடைசி ஏழு நாளில் திறக்கவில்லை. அந்தக் கடைசி விடை இல்லாவிட்டால், திறக்காதவரும் நடுவில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்.

தகுதிக் கேள்விகளில் எதைத் தேடுகிறீர்கள் என்று காட்டிக்கொடுக்காதீர்கள். "எங்கள் செயலியைப் பயன்படுத்தினீர்களா, ஆம், இல்லை" என்றால் ஊக்கத்தொகைக்காக எல்லோரும் ஆம் என்பார்கள். ஏழெட்டுச் செயலிகளின் பட்டியலைக் காட்டி, இல்லாத பெயர் ஒன்றையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். இல்லாததைப் பயன்படுத்தியதாகச் சொல்பவரை அங்கேயே கழித்துவிடலாம்.

பிறகு முன்னோட்டம், இரண்டு கட்டமாக. முதலில் 5 முதல் 10 பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு யோசித்தபடி நிரப்பச் சொல்லுங்கள். "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது?" என்று திருப்பிச் சொல்லவையுங்கள். அலுவலக நண்பர்கள் இதற்கு உதவமாட்டார்கள், அவர்களுக்கு உங்கள் சொற்கள் ஏற்கெனவே தெரியும். அடுத்து உண்மையான வழியிலேயே 20 முதல் 30 பேரிடம் நடத்தி, எடுத்த நேரம், பாதியில் விட்ட இடம், எல்லோரும் ஒரே விடை தேர்ந்த கேள்விகள் ஆகியவற்றைப் பாருங்கள். பல மொழியில் நடத்தினால், மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூல மொழிக்குத் திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும்.

10. செலவு, நாட்கள், சம்மதம்

திட்டத்தில் பெரும்பாலும் விடுபடுபவை திரட்டிய பிறகான வேலைகள்தான். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு நேர்காணல் என்றால் எழுத்துப்படிக்கே ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு மேல். மென்பொருள் எழுதித் தந்தாலும் ஒருவர் கேட்டுத் திருத்த வேண்டும். திறந்த கேள்விகளின் பதில்களை வகைப்படுத்தவும் ஆள் வேண்டும், அதனால் சர்வேயில் அவற்றை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

எதற்காகத் திரட்டுகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், யார் பார்ப்பார்கள், நடுவில் விலகலாம் என்ற நான்கையும் ஆரம்பத்தில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெயரும் போன் எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொன்றில். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம். ஆய்வு என்ற பெயரில் பேசிவிட்டு அதே அழைப்பில் எதையும் விற்காதீர்கள். அது தொழில் நெறிக்கு எதிரானது, அடுத்த முறை ஆய்வுக்கு அழைக்கும் எல்லோருக்கும் கதவை அடைத்துவிடும்.

11. முதல் பத்து சதவீதத்தில் நிறுத்திச் சரிபாருங்கள்

களம் தொடங்கியதும் முழு வேகத்தில் விடாதீர்கள். இலக்கு 400 என்றால் 40 பதில் வந்ததும் ஒரு நாள் நிறுத்தி, தரவைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள்.

எல்லோரும் எடுத்த நேரத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நேரத்தில் (மீடியன்) மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்தவர்கள், எல்லா வரியிலும் ஒரே கட்டத்தைத் தட்டியவர்கள், ஒரே சாதனத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தவை, திறந்த கேள்வியில் சொல்லுக்குச் சொல் ஒரே பதில் ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு அறிகுறியை மட்டும் வைத்து யாரையும் நீக்க வேண்டாம். சிலர் வேகமாகப் படிப்பவர்கள். இரண்டு அறிகுறி சேர்ந்தால் நீக்கலாம். நீக்கும் விதியை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காத பதில்கள்தான் நீங்கும். நேரில் நடக்கும் ஆய்வில், ஒவ்வொரு நேர்காணுபவரின் பதில்களையும் தனித்தனியே ஒப்பிட்டு, பத்தில் ஒருவரையாவது போனில் திரும்ப அழைத்து உறுதிசெய்யுங்கள்.

தாவல் விதிகளில், அதாவது எந்தப் பதில் சொன்னவருக்கு எந்தக் கேள்வியைத் தவிர்ப்பது என்ற அமைப்பில், உள்ள பிழைகளையும் இங்கேதான் பிடிக்க முடியும். செயலியைத் திறக்கவே இல்லை என்றவருக்கு வேகம் பற்றிய கேள்வி போயிருந்தால், அமைப்பில் பிழை. நாற்பது பதிலில் கண்டால் நாற்பதோடு போகும்.

பிறகு முதல் படியில் போட்ட வெற்று அட்டவணையை எடுத்து, இந்த நாற்பதை அதில் நிரப்பிப் பாருங்கள். எண்களை நம்ப இன்னும் நேரம் இருக்கிறது. பார்க்க வேண்டியது எல்லாக் கட்டங்களும் நிரம்புகின்றனவா என்பது மட்டும். ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பத் தரவே இல்லை என்றால், அதற்கான கேள்வி கேட்கப்படவில்லை அல்லது அந்த ஆட்கள் மாதிரியில் இல்லை. கேள்வி விடுபட்டிருந்தால் சேர்த்து, அந்த நாற்பதைத் தனியாக ஒதுக்கிவிட்டுக் களத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். ஆட்கள் இல்லை என்றால் ஏழாவது படிக்குத் திரும்பிப் பெயர்ப்பட்டியலை மாற்றுங்கள்.